கிணற்றுச் சுவர் லிவர்வொர்ட்டும் கண்மாய்த் தாமரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததும் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கிணற்றுச் சுவர், மாடித் தொட்டி வழிந்து சொட்டுகிற மூலை, அழகர்மலைப் பாறை. கீழே ஒரே கேள்வி: "டீச்சர், இது என்ன பாசி?" மதுரையில் முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஓய்வுக்குப் பிறகும் இந்த வேலை தீரவில்லை. வருகிற படங்களில் பாதி லிவர்வொர்ட். பிளஸ் ஒன் பிள்ளைகள் அதையே வேறு மாதிரி கேட்பார்கள்: லிவர்வொர்ட்டையும் பூக்கும் நீர்த்தாவரம் ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால் என்ன எழுதுவது என்று. நான் எப்போதும் தாமரையைத்தான் எடுத்துக்கொள்வேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

லிவர்வொர்ட் என்றால் என்ன? பாசிதானே?

பச்சையாக, வழுக்கலாக எது இருந்தாலும் நமக்குப் பாசிதான். அந்தக் கணக்கில் இதுவும் பாசி. ஆனால் குளத்தில் நூல் நூலாக மிதக்கிற பாசி வேறு. லிவர்வொர்ட் நிலத்தில் வாழப் பழகிய தாவரம். மதில் சுவரில் வெல்வெட் மாதிரி படர்கிற மாஸும் இதுவும் பிரையோஃபைட்டு என்ற ஒரே கூட்டம்.

நம் பக்கத்தில் கண்ணில் படுகிற வகைகள் தரையோடு ஒட்டிய பச்சை நாடா போல இருக்கும். நுனி இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி இரண்டாகப் பிரியும். கவண் செய்ய ஒடிக்கிற கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வேர், தண்டு, இலை என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த உடலுக்குத் தாலஸ் என்று பெயர். உலகில் சுமார் 7000 வகை லிவர்வொர்ட் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நாடா போல இல்லாமல் குட்டிக்குட்டி இலைகளோடு மாஸ் மாதிரியே இருக்கும். பாடத்தில் ரிக்சியா, மார்க்கான்ஷியா என்ற இரண்டு பேரை மட்டும் படிப்பதால் நாடாதான் லிவர்வொர்ட் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

பெயரைப் பற்றியும் கேட்பார்கள். மடல் மடலான வடிவத்தைப் பார்த்த ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் இதை ஈரலோடு ஒப்பிட்டார்கள். ஈரல் மாதிரி இருப்பதால் ஈரல் நோயைத் தீர்க்கும் என்றும் நம்பினார்கள். வடிவத்தை வைத்து மருந்து கண்டுபிடித்த காலத்துக் கதை அது. யாரும் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

கறிமசாலாவில் போடுகிற கல்பாசி இதுதானா?

இல்லை. கல்பாசி ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உடல் அது. பிரியாணி வாசத்துக்கும் லிவர்வொர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இத்தனை பூச்செடி இருக்கும்போது ஏன் தாமரை?

ஒரு முரணுக்காக. தாமரை முளைத்த நாளிலிருந்து தண்ணீரில் நிற்கிறது. ஆனாலும் அதன் ஆண் செல் பெண் செல்லைப் போய்ச் சேர வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். லிவர்வொர்ட் சுவரிலும் வரப்பிலும் பாறையிலும் இருக்கிறது. அதற்கோ மேலே ஒரு நீர்ப்படலம் இல்லாவிட்டால் கருவுறுதல் என்ற பேச்சே இல்லை.

லிவர்வொர்ட்டின் ஆண் செல்லுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு, வால் மாதிரி. அவற்றை ஆட்டி நீந்தித்தான் அது பெண் உறுப்பின் கழுத்துக்குள் நுழைய வேண்டும். மார்க்கான்ஷியாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் செடி ஒரு சின்னக் காம்பின் மேல் தட்டு மாதிரி ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும். மழைத்துளி அந்தத் தட்டில் விழுந்து தெறிக்கிறபோது ஆண் செல்களும் சேர்ந்து தெறிக்கும். மிச்சத் தூரம் நீச்சல். பெண் செடி தூக்கிப் பிடிப்பது குடை மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் குடை அந்த நேரத்தில் உயர்ந்திருக்காது. தரையை ஒட்டிக் குட்டையாக இருக்கும், கருவுற்ற பிறகுதான் காம்பு நீளும். படத்தில் உயரமான குடையை மட்டும் பார்த்துவிட்டு, அவ்வளவு உயரத்துக்கு ஆண் செல் எப்படி ஏறும் என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. நியாயமான கேள்வி. ஏறுவதில்லை என்பதுதான் பதில்.

தாமரையில் மகரந்தம் பூவின் பெண் உறுப்பு நுனியான சூலக முடியில் விழுந்து குழாய் விடுகிறது. வால் இல்லாத ஆண் செல்கள் அந்தக் குழாய்க்குள்ளேயே சூல் வரை போய்விடுகின்றன. நீச்சல் என்ற கட்டமே கிடையாது.

காரணம் அதன் வம்சத்தில் இருக்கிறது. பூக்கும் தாவரங்கள் நிலத்தில் தேர்ந்தவை. தாமரையின் முன்னோர் நிலத்துப் பழக்கங்களை எல்லாம் கற்றுக்கொண்டு, அவற்றோடு தண்ணீருக்குத் திரும்பி வந்தவர்கள். ஊரை விட்டுப் போய்ப் பட்டணத்தில் ஆளாகி, அந்தப் பழக்கவழக்கத்தோடு கிராமத்துக்குத் திரும்பிக் குடியேறியவர் மாதிரி. லிவர்வொர்ட் நிலத்தில் வாழ்ந்தாலும் இந்த ஒரு காரியத்துக்குத் தண்ணீரை விடவில்லை. அதனால்தான் பிரையோஃபைட்டுகளைத் தாவர உலகின் தவளைகள் என்கிற மாதிரி 'நீர்நில வாழ்வன' என்று பாடம் சொல்கிறது.

அப்படியானால் தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் இல்லையா?

இல்லை. ரொம்ப நாள் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது தாமரை வேறு கிளைக்குப் போய்விட்டது. கொடைக்கானல் பாதையில் காபித் தோட்டங்களுக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் மரம் இருக்கிறதே, அது தாமரைக்கு உறவு. ஒரே குளத்தில் பக்கத்தில் பூக்கிற அல்லி தூரத்து ஆள். அடையாளம் சுலபம்: அல்லி இலையில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும், தாமரை இலை வெட்டில்லாத வட்டம். காம்பு நடுவில் வந்து சேரும்.

கேமீட்டகத் தாவரம், வித்தகத் தாவரம்: இரண்டும் குழப்புகிறது. எளிதாகச் சொல்லுங்கள்.

இதை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதில் தொங்குகிறது.

நிலத்துத் தாவரம் ஒவ்வொன்றும் இரண்டு தலைமுறையாக மாறி மாறி வாழ்கிறது. ஒரு தலைமுறையின் செல்லில் குரோமோசோம் ஒரு தொகுதி. அதுதான் ஆண், பெண் செல்களை உண்டாக்கும், அதனால் கேமீட்டகத் தாவரம். அடுத்த தலைமுறையில் இரண்டு தொகுதி. அது ஸ்போர் எனப்படும் வித்துகளை உண்டாக்கும், அதனால் வித்தகத் தாவரம். லிவர்வொர்ட், மாஸ், தாமரை, வேப்பமரம் எல்லாவற்றுக்கும் இந்த விதி ஒன்றுதான். எந்தத் தலைமுறை வாசலில் உட்கார்ந்திருக்கிறது, எது உள்ளறையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

லிவர்வொர்ட்டில் நீங்கள் பார்க்கிற பச்சை நாடா முழுவதும் ஒரு தொகுதிக்காரர். மார்க்கான்ஷியாவுக்கு 9 குரோமோசோம். அந்தக் குடைகளும் இதே ஒரு தொகுதி உடம்பின் நீட்சிதான். குடையை வித்தகத் தாவரம் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். உண்மையான வித்தகத் தாவரம் பெண் குடையின் அடியில் தொங்குகிற சின்னஞ்சிறு பை. பாதம், குட்டைக் காம்பு, வித்துப்பை அவ்வளவுதான். சாப்பாட்டுக்குத் தாயைத்தான் நம்பியிருக்கும். ரிக்சியாவில் அதுவும் இல்லை. பாதமும் கிடையாது, காம்பும் கிடையாது, வெறும் பை மட்டும் தாய்த் தாலஸுக்குள் புதைந்து கிடக்கும். தாய் அழுகிப் போனால்தான் உள்ளே இருக்கிற வித்துகள் வெளியே வரும்.

தாமரையில் எல்லாம் தலைகீழ். சேற்றுக்குள் ஓடுகிற கிழங்கு, ஆள் உயரக் காம்பு, தாம்பாளம் மாதிரி இலை, பூ எல்லாமே இரண்டு தொகுதி, 16 குரோமோசோம். ஒரு தொகுதித் தலைமுறை எங்கே? மகரந்தத் தூளில் இரண்டு மூன்று செல்லாக, சூலுக்குள் ஏழு செல்லாக ஒளிந்திருக்கிறது. அந்த ஏழு செல்லில் உட்கரு எட்டு. நடுச் செல்லில் மட்டும் இரண்டு உண்டு.

ஆகவே கிணற்றுச் சுவரில் இருக்கிற லிவர்வொர்ட் தாலஸுக்கு எதிரே நீங்கள் வைக்க வேண்டியது தாமரை இலையை அல்ல, தாமரையின் மகரந்தத் தூளை. தாமரைச் செடிக்கு எதிரே வைக்க வேண்டியது குடைக்கடியில் தொங்குகிற அந்தப் பையை. இது புரியாமல் "இதற்கு வேர் இல்லை, அதற்கு வேர் உண்டு" என்று எழுதுவது, ஒரு வீட்டு அம்மாவையும் இன்னொரு வீட்டு மகளையும் நிறுத்தி உயரம் அளப்பது மாதிரி. அளவு சரியாகத்தான் இருக்கும், ஒப்பீடு சரியில்லை.

வேரே இல்லாமல் லிவர்வொர்ட் எப்படித் தண்ணீர் குடிக்கிறது?

அடிப்புறத்தில் ரோமம் மாதிரி வேரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே செல். கூடவே மெல்லிய செதில்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, தண்ணீர் பரவி ஏறும். தண்ணீரையும் உணவையும் கடத்துகிற சைலம், புளோயம் என்ற குழாய்த் திசுக்கள் கிடையாது. குழாய் இல்லாத வீட்டில் மாடி கட்ட முடியாது, அதனால்தான் தரையை விட்டு எழும்புவதில்லை. மார்க்கான்ஷியாவே பத்து சென்டிமீட்டர் நீளம் வந்தால் பெரிய ஆள். ரிக்சியா ஒரு ரூபாய் நாணய அளவுதான்.

தாமரைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, காற்றுப் பிரச்சினை. கண்மாய்ச் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு, ஆனால் கிழங்கு அங்கேதான் சுவாசிக்க வேண்டும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதே, அவை காற்றுக் குழாய்கள். வெயில் பட்டுச் சூடான இலைக்குள் அழுத்தம் கூடி, காற்று காம்பு வழியாகக் கிழங்குக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு திரும்பி வெளியேறுகிறது. திரும்பி வருகிற வாசல் இலை நடுவில் வெளிறித் தெரிகிற வட்டம். அங்கே இருக்கிற பெரிய இலைத்துளைகள் வழியாகத்தான் காற்று வெளியே போகிறது. தாமரைத்தண்டு வற்றல் பொரிக்கும்போது அந்த ஓட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

இரண்டிலும் மேல்பக்கம் துளை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் ஒன்றல்ல. தாமரை இலையின் துளைகள் கதவுள்ள வாசல்கள், காப்புச் செல்கள் திறந்து மூடும். தண்ணீரைத் தொடுகிற அடிப்புறத்தில் துளை வைத்துப் பயனில்லை என்பதால் எல்லாம் மேல்பக்கம். மார்க்கான்ஷியாவின் தாலஸை லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். புள்ளிதான் காற்றுத்துளை, பீப்பாய் வடிவம். இலைத்துளை மாதிரி திறந்து மூடுகிற கதவு அதற்கு இல்லை. வெயில் ஏறினால் காய்ந்துபோவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தாமரைப் பூ சூடாக இருக்கும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. பூத்திருக்கிற இரண்டு மூன்று நாளும் பூவுக்குள் வெப்பத்தை 30 முதல் 36 டிகிரிக்குள் அது தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே 10 டிகிரிக்கு இறங்கினாலும் விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் அளந்து 1996-ல் வெளியிட்டார்கள். சூட்டை உண்டாக்குகிற முக்கிய இடம் நடுவில் இருக்கிற பொகுட்டு, பின்னால் விதைகள் பதிந்திருக்குமே அந்தப் பகுதி. மதுரை ராத்திரியே வெந்நீர் மாதிரி இருப்பதால் நீங்கள் விரல் வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. குளிர்நாட்டுக் குளங்களில்தான் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சூடும் வாசமும் வண்டுகளுக்கு அழைப்பு. முதல் நாள் பூவில் சூலக முடிகள் மட்டும் தயாராக இருக்கும், மகரந்தம் வராது. மாலையில் இதழ்கள் கூம்பினால் உள்ளே வந்த வண்டு ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதுதான். அடுத்த நாள் மகரந்தம் உதிரும். அதைப் பூசிக்கொண்டு வெளியே போய் வேறொரு முதல் நாள் பூவில் நுழையும். லிவர்வொர்ட்டுக்கு மழைத்துளி செய்கிற வேலையை இங்கே வண்டு செய்கிறது. இரண்டில் வண்டுக்குத்தான் கூலி கிடைக்கிறது.

விதை, வித்து: பெயர்தான் வேறா?

பொருளே வேறு. வித்து ஒற்றைச் செல், உள்ளே குழந்தை இல்லை, கட்டுச்சோறும் பெரிதாக இல்லை. மார்க்கான்ஷியாவின் வித்துப்பை வெடிக்கும்போது, உள்ளே இருக்கிற சுருள் இழைகள் ஈரம் காயக் காய முறுக்கிக்கொண்டு வித்துகளை உதறிவிடும். காற்று கொண்டுபோகிற இடம் ஈரமாக இருந்தால் பிழைக்கும்.

தாமரை விதைக்குள் முழுச் செடி தயாராக மடிந்து கிடக்கிறது. தாமரை மணியைப் பிளந்தால் நடுவில் பச்சையாக, கசப்பாக இருப்பது அதுதான். மேலே கல் மாதிரி ஓடு. வடகிழக்குச் சீனாவில் வறண்டுபோன ஏரிப் படுகையிலிருந்து எடுத்த, சுமார் 1300 ஆண்டுப் பழைய தாமரை விதை முளைத்திருக்கிறது. வீட்டில் முளைக்க வைக்க ஆசைப்படுகிறவர்கள் விதையின் ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் தண்ணீரில் போடுங்கள். தேய்க்காமல் போட்டுவிட்டு "வாங்கின விதை போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

துணை இல்லாமல் பெருகுகிற வழியும் இருவருக்கும் உண்டு. தாமரை கிழங்கால் பரவும். மார்க்கான்ஷியாவின் முதுகில் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும், உள்ளே பச்சை வில்லைகள். ஜெம்மா என்று பெயர். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் வில்லைகள் எகிறிப் பக்கத்தில் போய் விழுந்து தனிச் செடியாகும். குளிர்ந்த ஊர் நர்சரிகளில் இது பெரிய களையாகத் தலைவலி கொடுப்பது இதனால்தான்.

கோடையில் லிவர்வொர்ட் எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை. சித்திரை வெயிலில் ரிக்சியாவின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, அடிப்புறத்துக் கருஞ்சிவப்புச் செதில்கள் வெளியே தெரியும்படி மூடிக்கொள்ளும். பார்த்தால் கருகிய கோடு மாதிரி இருக்கும். சில வகைகளில் நுனி மட்டும் உயிரோடு காத்திருக்கும், சிலவற்றில் வித்து மட்டும் மிஞ்சும். மழை விழுந்ததும் மறுபடி பச்சை.

ஆகாயத்தாமரை, ஆரைக்கீரை, மீன்தொட்டி ரிக்சியா: இவை எந்தப் பக்கம்?

வைகையிலும் வண்டியூர்க் கண்மாயிலும் மூடிக் கிடக்கிறதாகச் செய்தியில் வருகிற ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெங்காயத்தாமரை என்பதுதான் அதற்குப் பொருத்தமான பெயர், காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். பூக்கும் தாவரம்தான், ஆனால் தாமரைக்கு உறவில்லை. ஆகாயத்தாமரை என்று முன்பு சொன்னது ரோஜாப்பூ அடுக்கு மாதிரி மிதக்கிற வேறொரு செடியை.

ஆரைக்கீரை இரண்டு பக்கமும் இல்லை. வயலோரம் நாலு இலையோடு நிற்கிற அது பெரணி இனம். சைலம் உண்டு, பூ கிடையாது, ஆண் செல் இன்னும் நீந்துகிறது. லிவர்வொர்ட்டுக்கும் தாமரைக்கும் நடுவில் ஒரு படி.

மீன்தொட்டிக் கடையில் ரிக்சியா என்று கொடுப்பது நிஜமாகவே லிவர்வொர்ட்தான், மிதக்கும் வகை. அதோடு குழப்பிக்கொள்வது லெம்னாவை. லெம்னா பச்சைப் பொட்டு மாதிரி மிதக்கும், அடியில் ஒரு நூல் வேர் தொங்கும். அதுவோ பூக்கும் தாவரம். ரிக்சியாவில் வேர் இருக்காது, கவட்டை கவட்டையாகப் பிரிந்திருக்கும்.

பரீட்சைக்கு அட்டவணையாகத் தர முடியுமா டீச்சர்?

முடியாது, நீங்களே போடுங்கள். தலைப்புகளை மட்டும் சொல்கிறேன்: வாசலில் இருக்கும் தலைமுறை, கடத்தும் திசு, துளை, ஆண் செல் போகும் வழி, பரவுவது வித்தா விதையா. மேலே எல்லாம் இருக்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்தால் மாதிரியைப் பார்த்ததும் கை நடுங்கும். ஒரு பிராக்டிகல் தேர்வில் ஃபார்மலின் புட்டியில் பல வருடம் கிடந்து பழுப்பேறிய மார்க்கான்ஷியாவை ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரியாக வைத்திருந்தார்கள். ஒரு பையன் "வதங்கிய வெற்றிலை" என்று எழுதினான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் புட்டியில் இருந்தது அப்படித்தான் இருந்தது.

மதுரையில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

தாமரைக்குக் கீழக்குயில்குடி, சமணர்மலை அடிவாரக் குளம். அறுத்துப் பார்க்க ஆசை என்றால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், குளத்தில் இறங்க வேண்டாம். மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தில் நிற்பது உலோகத்தில் செய்த தாமரை, அதில் மகரந்தம் தேடிப் பயனில்லை.

லிவர்வொர்ட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த மறுநாள் கிளம்புங்கள். முதலில் உங்கள் வீட்டுக் குழாயடியையும் பழைய கிணற்று உறையையும் பாருங்கள். அப்புறம் அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு ஏறும் பாதை, நிழல் விழுகிற ஈரப் பாறையோரம். வாடிப்பட்டிப் பக்கம் குட்லாடம்பட்டி அருவிப் பாறைகளும் நல்ல இடம். மார்க்கான்ஷியாவைக் குடையோடு பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானல் ஏற வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் போதும். அழகர்மலை காட்டு இலாகா பகுதி, அதனால் பிடுங்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். குனிந்து பார்க்கும்போது பையை முதுகில் மாட்டிக்கொள்ளாதீர்கள், முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.